சுவரைச் சுற்றிப் போகும் வழி: வல்லம் வடகாலில் ஜிபிஎஸ் கருவியோடு ஒரு சனிக்கிழமை

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரகடம் பக்கம் போய் வந்தேன். பயணக் கட்டுரை எழுதுகிற இடமா அது என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். கம்பெனிகளையும் கன்டெய்னர் லாரிகளையும் பார்க்க யாராவது லீவு நாளில் கிளம்புவார்களா என்றார்கள். ஆனால் அங்கே ஸ்டெல்லா இருக்கிறாள், அவளுக்கு ஒன்பதாவது மாதம். போயே ஆக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது.

ஸ்டெல்லாவும் நானும் ஒரு காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே வாடகை அறையில் இருந்தவர்கள். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் தரச் சோதனையில் வேலை. பிறகு நான் பூந்தமல்லியில் ஒரு அலுவலகத்துக்கு மாறிவிட்டேன். அவள் டேவிட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டிய அவர் ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் குடியிருப்பின் பெயரை இங்கே எழுதவில்லை, அவர்கள் வீட்டு வாசலில் கூட்டம் சேர்வதை நான் விரும்பவில்லை.

விஷயம் இதுதான். அவர்கள் ஊருக்குப் போகும் பழைய வண்டிப்பாதையின் குறுக்கே இப்போது ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் நிற்கிறது. ஊருக்குப் புது வழி வேறு பக்கமாகப் போட்டாகிவிட்டது. ஆனால் போனில் இருக்கும் வரைபடத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: புள்ளி சரியாகத்தான் விழுகிறது, வழிதான் தப்பு. வருகிற வண்டியெல்லாம் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் ஸ்டெல்லாவுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தபோது ஆம்புலன்ஸும் அங்கேதான் போய் நின்றிருக்கிறது.

"சைரன் சவுண்டு நல்லா கேக்குதுக்கா, வண்டியத்தான் காணோம். செவுத்துக்கு அந்தாண்ட அது நின்னுகினு கீது, இந்தாண்ட நான் வயித்தப் புட்ச்சிகினு குந்திகினு கீறேன்," என்று போனில் சொன்னாள். அன்று பயப்படும்படி எதுவும் இல்லை, சூட்டு வலி என்று அனுப்பிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரைபடத்தைத் திருத்தச் சொல்லி அவளே போனிலிருந்து ஒரு முறை அனுப்பியிருக்கிறாள். ஆதாரம் போதவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. நடந்து பதிவுசெய்த தடமும், எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு படங்களும் சேர்த்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். பல வருடமாக நான் லீவு நாட்களில் செய்துவரும் பைத்தியக்காரத்தனமே அதுதான் என்பதால், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

காலை ஆறரைக்குப் பூந்தமல்லியில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினேன். அங்கிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டைக்கு முப்பது ரூபாய். ஷிப்டு மாறும் நேரம், ஆட்டோவில் என்னைத் தவிர எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. வல்லக்கோட்டையில் இறங்கியதற்கு முருகன் மட்டும் காரணமில்லை. ஜிபிஎஸ் கருவியை இயக்கியதும் அது வானத்தில் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும், அதற்குத் திறந்த வெளி வேண்டும். கோயிலுக்கு முன்னால் வண்டிகள் நிறுத்தும் இடம் அதற்கு அருமையானது. உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தவர் வாசலில் வழி தேட ஆரம்பிப்பதும் பொருத்தம்தானே. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, வெளியே இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் கருவி தயாராகிவிட்டது.

டேவிட் பைக்கில் வந்து அழைத்துப் போனார். அவருக்கு அன்று இரண்டாவது ஷிப்டு, மதியம்தான் வேலை. கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, பழைய பட்டன் போன் மாதிரி கீது?"

"போன்ல இருக்கிறதுதாம்பா. ஆனா வெயில்ல சூடாகாது, பேட்டரி நாள் முழுக்க நிக்கும், பெரிய பெரிய ஷெட்டுப் பக்கத்துல போனாலும் புள்ளி தாவாது," என்று பெருமை பீற்றிக்கொண்டேன். பீற்றிக்கொண்ட கையோடு பையைத் திறந்தால், என் கேமராவின் பேட்டரி இல்லை. ராத்திரி சார்ஜரில் போட்டது வீட்டிலேயே தங்கிவிட்டது. நல்லவேளையாக டேவிட்டிடம் ஒரு சின்ன கேமரா இருந்தது, சர்ச் விசேஷங்களுக்கு எடுக்கிறது. என்னைப் பெரிய சாலையில் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தார். போனிலேயே எடுத்திருக்கலாமே என்று பின்னூட்டம் போட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், எனக்குப் பிடிவாதம் அதிகம்.

தொழிற்பேட்டையின் பெரிய சாலையிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி பதியும்படி வைத்திருந்தேன். முதலில் போன் சொல்கிறபடி பழைய வண்டிப்பாதைக்குள் திரும்பினோம். முந்நூறு மீட்டர்தான், சட்டென்று முகத்துக்கு நேரே சுவர். இரண்டு ஆள் உயரம், மேலே முள்கம்பி. அதற்கு அப்பால் டேவிட் வீட்டுத் தென்னை மரத்தின் தலை தெரிந்தது. நான் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கியதும், பக்கவாட்டுக் கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்தார். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"ஏம்மா, இங்கன போட்டோ எடுக்கக் கூடாதுல்லா. ஆபீசர் பாத்தா என்னையில்லா வைவாவ."

காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"போன மாசம் ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சே, அது உங்க வீட்டுக்குத்தானா? நாந்தான் ரிவர்ஸ் எடுக்கக் கைகாட்டுனேன். சவத்தை, ஒரு நாளைக்கு ரெண்டு வண்டியாவது வந்து முட்டுது. எடுங்கம்மா, நம்ம கேட்டு மட்டும் விழாம எடுங்க." பிறகு, பிள்ளைத்தாச்சி நல்லா இருக்காவளா என்று டேவிட்டிடம் விசாரித்தார்.

மறுபடி பெரிய சாலைக்கு வந்து, டீக்கடையைத் தாண்டி, மழைநீர்க் கால்வாயை ஒட்டித் திரும்பும் புது வழியைப் பிடித்தோம். பாதி தார், பாதி கப்பி. இரண்டு பக்கமும் முன்பு நெல் விளைந்த நிலம், இப்போது ஒரு பக்கம் ஷெட், இன்னொரு பக்கம் மனை விற்பனைப் பலகை. திருப்பம், சிறுபாலம், டிரான்ஸ்பார்மர், ஊரின் முதல் தெரு, கடைசியாக ஸ்டெல்லாவின் வீடு என்று வரிசையாகப் படம் எடுத்தேன். பெரிய சாலையிலிருந்து வீட்டு வாசல்வரை ஒன்று புள்ளி நான்கு கிலோமீட்டர். சின்னச் சந்துகளும் தடத்தில் வரட்டும் என்று வீட்டைத் தாண்டி ஏரிக்கரைவரை போனோம். தை மாத ஏரி, கரை தளும்ப நீர், நாரைகள். கம்பெனிப் புகைபோக்கி ஒன்று தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு அந்த இடம் ரொம்பவே பிடித்துப்போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டெல்லா சுடச்சுட சோறும் வஞ்சிரம் குழம்பும் போட்டாள். ஒன்பதாவது மாதத்தில் இதெல்லாம் எதற்கு என்று திட்டிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். முறை எளிது. கருவியின் தடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும், கேமரா எடுத்த ஒவ்வொரு படத்திலும் நேரம் இருக்கும். இரண்டு நேரத்தையும் மென்பொருள் பொருத்தி, படத்தை அதற்குரிய இடத்தில் ஒட்டிவிடும். ஒட்டியது. ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"எங்க வூடு எப்பக்கா ஏரிக்கரைக்குப் போச்சு?"

பார்த்தால், வீட்டுப் படம் ஏரிக்கரையில் நாரைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பெனிச் சுவர் டீக்கடை வாசலில் எழும்பி நிற்கிறது. கால்வாய்த் திருப்பம் ஊருக்கு நடுவில். ஒரு படமாவது தன் இடத்தில் இருக்க வேண்டுமே, இல்லை. கருவியின் நேரம் கிரீன்விச் கணக்கு, அதற்கான ஐந்தரை மணி நேரத்தை நான் சேர்த்திருந்தேன். தடத்தைச் சோதித்தேன், அது துல்லியமாக நாங்கள் நடந்த வழியிலேயே இருந்தது. அரை மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். காலையில் பீற்றிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து காது சூடாகிவிட்டது.

அதுவரை கேலி செய்துகொண்டிருந்த ஸ்டெல்லா, நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்டியே அனுப்புனா மறுபடி ரிஜெக்ட் பண்ணிடுவாங்களாக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சுவர் இல்லாத இடத்தில் சுவர் இருப்பதாகக் காட்டினால் எவன் நம்புவான்? இன்னொரு முறை திரும்பி வந்தால், குழந்தை வருவதற்குள் திருத்தம் ஏறாது. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரத்தில் டேவிட் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஷூவை மாட்டப் போனார். ஸ்டெல்லா திரும்பாமலே சொன்னாள்: "குந்துங்க, இன்னும் டைம் கீது. அது ஃபாஸ்ட்டு."

"எவ்ளோ ஃபாஸ்ட்டு?" என்றேன்.

"பத்து நிமிசம், கொஞ்சம் மேல கூட இருக்கும். இங்க எல்லா வூட்லயும் அப்டித்தான்க்கா. கம்பெனி பஸ் மெயின் ரோட்டுல ஒரு நிமிசம் நிக்காது. உட்டா அன்னிக்கி லீவுதான்." டேவிட் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதுவும் வேகம். பைக்கில் இருக்கும் கடிகாரமும் வேகம். நான் மெல்லக் கேட்டேன், கேமராவில் நேரம் வைத்தது யார் என்று. அவர்தான். கிறிஸ்துமஸுக்குப் பேட்டரி மாற்றியபோது, இதே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, பொறுப்பாக வைத்திருக்கிறார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில், வயிறு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க என்று அவளே எங்களைத் திட்டினாள். கருவி செயற்கைக்கோளிடமிருந்து நேரம் வாங்குவதால் பிசகாது. அதன் திரையில் ஓடும் நேரத்தை அந்தக் கேமராவாலேயே ஒரு படம் எடுத்தேன். திரையில் தெரிந்த நேரத்துக்கும் படத்தில் பதிந்த நேரத்துக்கும் பதினோரு நிமிடம் சொச்சம் வித்தியாசம். மென்பொருளில் அந்த வித்தியாசத்தைக் கழித்ததும் படங்கள் எல்லாம் ஒரே தாவலில் தங்கள் இடத்துக்குப் போய்விட்டன. சுவர் சுவருக்குப் போயிற்று, வீடு வீட்டுக்கு வந்தது. டேவிட்டை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, தடத்தையும் படங்களையும் அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன். எவரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்திலும் அந்தச் சாலையை வரைந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

இதுபோல் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புதுக் கருவி விலை அதிகம். என்னுடையது பழையது, ஒன்பதாயிரத்துக்கு வாங்கினேன், தெருவை வரைய அது தாராளம். கேமரா யாருடையதாக இருந்தாலும், நடக்க ஆரம்பிக்கும் முன் கருவியின் திரை நேரத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு எவ்வளவு தப்பான கடிகாரமானாலும் கவலையில்லை. தொழிற்பேட்டையில் கேட்டுகளையும் பெயர்ப்பலகைகளையும் எடுக்காதீர்கள், செக்யூரிட்டியிடம் முதலிலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவர்கள் வேலை அது. வரைபடத்தில் தெருவைப் போடுங்கள், வீட்டுக்காரர் பெயரைப் போடாதீர்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், நிழலுக்கு டீக்கடையை விட்டால் வேறு வழியில்லை. டிரெய்லர் லாரிகள் திரும்பும்போது ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள், டிரைவர் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம்.

ஊர்ச் சாலைகளை நான் இத்தனை வருடம் பொழுதுபோக்காகத்தான் பதிந்து வந்தேன். மலையேறுகிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் உதவும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு தெரு வரைபடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதற்காக இவ்வளவு பயந்தது இதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள் திருத்தம் ஏறிவிட்டதாகச் சேதி வந்தது. அடுத்த வாரம் ஒரு காலையில் ஸ்டெல்லாவுக்கு நிஜமாகவே வலி எடுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, டிரைவருக்கு வழி சொல்ல டேவிட் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். கால்வாய், டிரான்ஸ்பார்மர், முதல் தெரு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். போன் அடிக்கவே இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பி நேராக வாசலில் வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கேட்ட முதல் கேள்வியை ஸ்டெல்லா எனக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, பக்கத்தில் மகள் சிணுங்க, மூன்று தடவை சொன்னாள்.

"இன்னாம்மா, கெளம்பலாமா?"