தறி நின்றது யார் தப்பு?

ஆரணியில் ஒரு பட்டுத் தறிக்கூடத்தில் அவரைச் சந்தித்தேன். ஒல்லியான பெண் நெசவாளர், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். டிசைன் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினியில் குறிப்பிட, தறிக்கு மென்பொருள் எழுதித் தந்த நாங்கள் மறந்ததால் அவர் ஓட்டும் விசைத்தறி நின்றிருந்தது. திரையிலோ ‘தவறு நேர்ந்துள்ளது’ என்று மட்டும் சிவப்பில் இருந்தது.

கண்ணாடி மேலேறியது. “தப்புன்னு இருந்தா ஓனர் என்னைத்தானே மொறைப்பாரு? எது இல்லன்னு சொன்னா உங்க பெட்டிக்கு வாய் வலிக்குமா? மாத்திட்டுப் போங்க சார். அதுவரைக்கும் இங்கியே நின்னுகினு இருப்பேன்.”

மாற்றினேன்: ‘டிசைன் இருக்கும் இடம் குறிப்பிடப்படவில்லை. அமைப்புகளில் குறிப்பிடவும்.’

படித்தார். “நெய்யறவங்க தப்பு இல்லன்னும் போடுங்க.”

போட்டேன். அந்த வரியை எடுக்கச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் இன்னமும் நச்சரிக்கிறார்கள். எடுக்க மாட்டேன்.