கார் ஓட்டும் மனைவிக்கு ஒரு மானிட்டர்

"உங்கம்மாவுக்கு இன்னாத்துக்குடா கேமிங் மானிட்டர்னு கேக்குறியே, நீ அவகூட ஒரு ரேஸாவது ஓட்டிக்கிறியா?"

மகன் போனை வைத்த பிறகும், தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவிக்கு வலது கை மட்டும்தான் வேலை செய்கிறது. காலையில் மாத்திரை போட்டதும் அந்தக் கையால் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவாள். வளைவில் திரும்பும்போது திரையில் படம் குறுக்கே இரண்டாகக் கிழிகிறது என்று கத்துவாள். பிறகு வாந்தி எடுப்பாள்.

கடைக்காரர் ஒரு மானிட்டரைக் காட்டினார். "நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸ், செகண்டுக்கு அத்தனை தடவை படம் மாறும், அது போதும் தாத்தா. அடாப்டிவ் சிங்க் எல்லாம் சீரியஸா ஆடுறவங்களுக்கு."

"எதிர்ல வர்ற லாரியெல்லாம் இடிச்சுத் தள்ளிகினு போறா. அவளவிட சீரியஸா எவன் ஆடுவான்? படம் கிழியாம இருக்க இன்னா வேணும், அத்த சொல்லு நைனா."

"அப்போ சிங்க் வேணும். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த படத்தை அனுப்புற வரைக்கும் மானிட்டர் காத்திருக்கும். கிழிஞ்ச படத்தையே பார்த்துட்டிருந்தா சில பேருக்குத் தலை சுத்தி வாந்திகூட வரும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரையாலதான் வாந்தின்னு நெனச்சு, நாலு நாளா நானே அவளுக்கு மாத்திரைய நிறுத்திட்டு..."

"பில் போட்டுட்டு வந்துடறேன் தாத்தா." பாதியிலேயே அவர் உள்ளே போய்விட்டார்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.