பிரின்ஸ்லியின் பொன்மொழி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த அய்யம்பெருமாளுக்கு ஆண்டவன் கொடுத்த சொத்து குரல் ஒன்றுதான். "அரியலூர் வண்டிய எடு, எடு!" என்று அவர் சத்தம் கொடுத்தால், டீக்கடையில் இருக்கும் டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடுவார். அந்தக் குரலுக்காகவே எழுபதுகளில் சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் வாழ்த்திப் பேச அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் பேசியதில் ஊரே மனப்பாடம் செய்துகொண்டது ஒரு வரி. அது பிறந்த இடம் அவர் வீட்டு அடுப்படி. ஒருநாள் சோறு குழைந்துபோனதென்று மனைவி குஞ்சம்மாளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். போனவருக்கு வேலையே ஓடவில்லை. இத்தனை வருஷம் பக்குவமாகப் பொங்கிப் போட்டவளிடம் நல்லாயிருக்கு என்று ஒரு தடவையாவது சொன்னோமா என்று மனசு குடைந்தது. குடைந்தது வரியாக வந்தது: ‘சோறு குழைந்த அன்றுதான் பொங்கியவள் யாரென்று தேடுகிறோம்.’

நேரே வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். மேடையேறுகிற மனுஷன் அடுப்படியில் போய்த் தலை குனிவாரா என்ன! அந்த வாரம் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். குஞ்சம்மாளும் வந்திருந்தாள். மைக்கில் சொன்னால் தனக்குத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்வாள் என்பது அவர் போட்ட கணக்கு.

வரி வாயைவிட்டு வந்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் ராசாங்கம் குரல் கொடுத்தார். "ஏய் அய்யம்பெருமாளு, யாரு சொன்னது இது? நீயா?"

பந்தலே சிரித்தது. அய்யம்பெருமாளின் அம்மா ராசாங்கத்தின் வயலில் நாற்று நட்டவள். நான்தான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பாடாலூரில் ஒரு பம்புசெட் இன்ஜினின் பித்தளைத் தகட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த பெயர் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

"ஆல்பிரட் பிரின்ஸ்லின்னு ஒரு இங்கிலீஷ் அறிஞர் சொன்னதுங்க."

சிரித்த கூட்டம் கை தட்டியது. "அதானே பாத்தேன்! வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்" என்று ராசாங்கமும் தட்டினார். தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்குக் கிடைத்த கைதட்டல் அது.

அதற்கப்புறம் பிரின்ஸ்லி இல்லாமல் கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது. வாழ்த்துமடலில் அச்சடித்தார்கள். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாத்திரக் கடைச் சுவரில் பெயரோடு எழுதி வைத்தார்கள். அரியலூரில் நடந்த ஒரு விழாவில் மேடையேறிய காலேஜ் வாத்தியார் ஒருவர், பிரின்ஸ்லியை இங்கிலீஷிலேயே படித்ததாகச் சொன்னபோது அய்யம்பெருமாளுக்கு வயிறு எரிந்தது. இறங்கி வந்தவரிடம், "சார், அது நான் எழுதுனதுங்க" என்றார். வாத்தியார் தோளில் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். "வெள்ளக்காரன் சொத்துக்கே பட்டா போடுறீங்களே!"

ஊர் நம்பாவிட்டால் போகிறது. வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். பெண்டாட்டிதானே, எங்கே போய்விடப் போகிறாள் என்ற மெத்தனம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் குஞ்சம்மாளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் அய்யம்பெருமாள் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தார். அடி பிடித்திருந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்த வெள்ளக்காரன் பொண்டாட்டி குடுத்து வச்சவங்க."

"எந்த வெள்ளக்காரன்?"

"அதான், மைக்குல சொல்லுவீங்களே. அவ பொங்கிப் போட்டத நெனச்சு எப்பேர்ப்பட்ட வார்த்தை சொல்லியிருக்காரு! கேக்குறப்பல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும்."

அவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். "குஞ்சு, வெள்ளக்காரனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. அது நான் சொன்னது. ஒன்ன நெனச்சுத்தான் சொன்னேன். அன்னைக்கிச் சோறு கொழஞ்சுச்சே..."

அவள் அவரையே பார்த்தாள். கோபமில்லை, பாவம், தேற்றப் பார்க்கிறார் என்ற பார்வை.

"ஊரே அவரு பேரத்தான சொல்லுது. போவுற நேரத்துல எதுக்குங்க எனக்காகப் பொய்யி? அது அவரு சொன்னதாவே இருக்கட்டும். நீங்க ஒங்க வார்த்தையா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அய்யம்பெருமாள் வாயைத் திறந்தார். அவளுக்கென்று அவரிடம் இருந்தது அந்த ஒரு வரிதான்.