அக்காவின் கோணல் ஜாக்கெட்

எங்கள் கையால் முதன்முதலில் பாவாடை உடுத்தியது கேஸ் குற்றி. சிவப்புச் சிலிண்டர் அடுக்களை மூலையில் ஒன்றும் உடுக்காமல் நிற்பதை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லையாம். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்து, இடுப்பில் எலாஸ்டிக் கோத்து, அடியில் இரண்டு அடுக்கு ஃபிரில் வைத்து மாட்டிவிட்டோம். அடுத்த தடவை கேஸ் கொண்டுவந்த ஆள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "சேச்சி, இத நீங்களே களத்தித் தந்தா கொள்ளாம். எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. கம்பி ஒடிந்த குடைகளின் துணியைப் பிரித்துக் காய்கறிப் பை தைத்தோம். பாறசாலைச் சந்தையில் மழை கொட்டும்போது நான் நனைவேன், என் வெண்டைக்காய் நனையாது. அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தானின் கைலி ஜன்னல் திரையாயிற்று. என் மகளுடைய ஜீன்ஸின் கால்கள் இரண்டும் பஞ்சு அடைத்த உருட்டுத் தலையணைகள் ஆயின. மிக்சிக்கு ஒரு சட்டை, டிவி ரிமோட்டுக்கு ஒரு சட்டை, தண்ணீர் ஃபில்டருக்குப் பூப்போட்ட தொப்பி. "ரெண்டு நிமிசம் அனங்காம இருந்தா எனக்கும் ஒரு உறை தச்சுப் போடுவாளுவ" என்று அத்தான் முனகினார். மெஷினை வாங்கிக் கொண்டுவந்தவரே அவர்தான் என்பதால் அதற்குமேல் முனக அவருக்கு வாயில்லை.

மெஷின் வந்த காரணம் சிரிப்பான காரணம் அல்ல. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, வலது பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். மருந்தெல்லாம் முடிந்து, முடி திரும்ப முளைத்து, இனி இடைக்கிடை வந்து காட்டினால் போதும் என்று திருவனந்தபுரத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறியது. ஆள்தான் வெளியே வரவில்லை. எப்போதும் நைட்டி, அதன் மேல் ஒரு துவர்த்து. எங்கள் குன்னத்துகால் பக்கத்தில் நைட்டிக்கு மேல் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்து மீன் வாங்குவார்கள். அதனால் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வீட்டுக்குள் நானும் அவளும் மட்டும் இருக்கும்போதும், வேர்த்துக் கொட்டினாலும், அவள் அந்தத் துவர்த்தை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. சும்மா உட்கார்ந்தால் மனம் கண்டதையும் நினைக்கும் என்று அத்தான்தான், யாரோ கடையை மூடியபோது, மோட்டார் வைத்த பழைய தையல் மெஷின் ஒன்றைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி வந்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் தையலில் ஆனா ஆவன்னா தெரியாது. தெரியாவிட்டால் என்ன, சொல்லித்தர ஃபோன் இருக்கிறதே. அங்கேதான் எங்கள் அப்பா என்றோ செய்துவைத்த வேலை குறுக்கே வந்து நின்றது. கேரள, தமிழ்நாட்டு எல்லையோரத்தில் காற்று நாளைக்கு எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிள்ளை இருக்கட்டும் என்று, மூத்தவளை மலையாளப் பள்ளியிலும் என்னைத் தமிழ்ப் பள்ளியிலும் சேர்த்தவர் அவர். வீட்டுப் பேச்சில் எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் படிப்பு என்று வந்துவிட்டால் அவளுக்கு மலையாளத்தில் சொன்னால்தான் மண்டையில் ஏறும், எனக்குத் தமிழில் சொன்னால்தான் ஏறும். ஆக, அவளுக்கு ஃபோனில் ஒரு மலையாள டீச்சர், எனக்கு ஒரு தமிழ் டீச்சர். பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. மதியம் அது முடிந்து நான் வந்ததும் சாப்பாட்டு மேஜையின் இந்தப்புறம் ஒரு ஃபோன், அந்தப்புறம் ஒரு ஃபோன் வைத்து, இரண்டு டீச்சர்களையும் ஒரே நேரத்தில் பேசவிடுவோம்.

"எனக்க டீச்சர் பறஞ்சா அதாக்கும் சரி" என்பாள் அக்கா.

"உனக்க டீச்சருக்கு முதல்ல ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்பேன் நான்.

முகம் தெரியாத இரண்டு பெண்களுக்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. தலையணை உறைக்கு எந்த டீச்சரும் ஒன்றுதான், நாலு மூலை, நாலு தையல். அதனால் இதில் இருக்கும் ஆபத்து எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பெண். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போடுவான். மிச்ச முடிச்சுகளைப் பெண்ணின் பின்னால் நின்று மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். அவன் காலேஜுக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே, "எலே, உனக்க பெண்ணுக்கு முடிச்சு நானாக்கும் போடுவேன். இறுக்கிப் போடுவேன், உனக்கு ஓட முடியாது" என்று மிரட்டி வைத்திருந்தாள். இப்போது தம்பி வந்து நாள் சொன்னதும், "முடிச்சு இவ போடட்டு" என்று என்னைக் கைகாட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே போனேன்.

"என்னத்துக்கு அக்கா இப்பிடிச் செய்ய?"

"மேடையில கை ரெண்டையும் தூக்கணும் மக்கா. எல்லாரும் பாப்பினும்."

எல்லாரும் எதைப் பார்ப்பார்கள் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. சேலை முந்தானை இடது பக்கத்தைத்தான் மூடும். வலது பக்கம் திறந்து கிடக்கும், கையைத் தூக்கினால் இன்னும் தெரியும். ஒரு தடவை ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனவள், டேப்பைக் கையில் எடுத்த பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் துணியோடு திரும்பி வந்தாள். உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுத் திண்டு வாங்கினாள். அது வேர்வையில் நனைந்து, நடக்க நடக்க ஊர்வலம் கிளம்பிவிடுகிறது என்று அலமாரியில் போட்டுவிட்டாள். இதெல்லாம் அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் சொன்னதில்லை.

"நாமளே தைப்போம்" என்றேன். "கேஸ் குற்றிக்கே தைச்சாச்சு, உனக்குத் தைக்க முடியாதா?"

சிரித்தாள், ஆனால் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மேஜைமேல் துணி கிடந்தது. பாலராமபுரம் கைத்தறி, இரண்டு துண்டாக உடுத்துகிற செட்டு முண்டின் மேல்துணி. கீழே உடுத்துகிற முண்டு எப்போதோ கிழிந்து அடுப்புத் துடைக்கப் போய்விட்டது, இது மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஓரத்தில் இருக்கிற கசவை, அந்தப் பொன் ஜரிகையை, கைக்குப் பட்டையாக வைக்கலாம் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு வந்துவிட்டேன்.

ஜாக்கெட்டின் முன்பக்கத்துக்கு இரண்டு துண்டு, நடுவில் கொக்கி. ஆளுக்கு ஒரு துண்டு வரைவது என்று பிரித்துக்கொண்டோம். இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும், பிறகு உள்ளே எதையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்று நான் நினைத்தேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் வரைந்து முடித்தாள், நானும் முடித்தேன். அதற்குள் குக்கர் விசிலடிக்க அவள் உள்ளே ஓடினாள். கடையிலிருந்து ஃபோன் வர நான் வாசலுக்குப் போனேன். திரும்பி வந்து, இடம் மாறி உட்கார்ந்தது தெரியாமல், எதிரே கிடந்த துண்டை எடுத்து ஆளுக்கொரு கத்திரிக்கோலை ஓட்டினோம்.

என் தமிழ் டீச்சர், தையலுக்கு விட வேண்டிய துணியையும் சேர்த்தே கோடு போடச் சொல்வார். பிறகு கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும். அவளுடைய மலையாள டீச்சர், உடம்பு அளவுக்கு மட்டும் கோடு போடச் சொல்வார். வெட்டும்போதுதான் கோட்டுக்கு வெளியே விட வேண்டும். இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆனால் ஏதாவது ஒருவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். நான் வரைந்ததை அக்கா அவள் டீச்சர் பேச்சைக் கேட்டுத் தாராளமாக வெளியே விட்டு வெட்டினாள். அவள் வரைந்ததை நான் என் டீச்சர் பேச்சைக் கேட்டுக் கோட்டின் மேலேயே, ஒரு இழை பிசகாமல் வெட்டினேன். ஒன்றை ஒன்றின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. முதுகுத் துண்டோடு சேர்த்துக் கையால் நூலோட்டி, அக்காவின் நைட்டிக்கு மேலேயே மாட்டி, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். அதற்காக அவள் துவர்த்தை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

வலது பக்கம், ஒன்றும் இல்லாத இடத்தில், அரைப்படி அரிசி கொட்டலாம் என்கிற மாதிரித் துணி உப்பிக்கொண்டு நின்றது. இடது பக்கம், இருக்கிற இடத்தில், மூச்சு விட்டால் நூல் தெறிக்கும்.

உலகத்தில் இத்தனை பெண்கள் இருக்க, இவளுக்கா நான் இப்படித் தைக்க வேண்டும்? அவள் கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்துப் பின்னாலிருந்து நூலைப் பிரிக்கக் கை வைத்தேன்.

"விடு மக்கா" என்றாள். "இது நேர்மாறா வந்திருந்தா எனக்கு அச்சு அசலாக்கும்."

ஒரு நொடி நான் வாயைப் பொத்தினேன். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உப்பிய துணியை விரலால் அமுக்கினாள், அது திரும்ப எழும்பியது. மறுபடி அமுக்கினாள், மறுபடி எழும்பியது. சிரித்துச் சிரித்து இடது பக்க நூல் படபடவென்று தெறித்துப் போனது. நான் கட்டிலில் விழுந்து உருண்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி அழுகை. என்னவோ ஏதோவென்று அத்தான் ஓடி வந்து கதவுக்கு வெளியே நின்று, "யாராவது ஆஸ்பத்திரிக்குப் போணுமா?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் சாதாரணமாகப் பேசினாள், இத்தனை மாதம் பேசாததை. "உள்ள ஒண்ணும் வைக்காண்டாம். இல்லாத பக்கம் இல்லாதது போலவே கிடக்கட்டு. ஆனா துணி சுருங்கப் பிடாது, நல்லா படிஞ்சு கிடக்கணும். கையத் தூக்கினா மேல ஏறப் பிடாது."

கைத்தறித் துணிக்கு அகம் புறம் கிடையாது, திருப்பிப் போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நூலைப் பிரித்து, முன் துண்டுகள் இரண்டையும் திருப்பிப் போட்டோம். வலது இடதாயிற்று, இடது வலதாயிற்று. பெரிய துண்டில் மார்புக்கு வளைவு வர மடித்து டாட் பிடித்தோம். சின்னத் துண்டின் ஓரத்தில் தையலுக்கு இடமில்லாததால் மிச்சத் துணியில் ஒரு பட்டை சேர்த்தோம். வலது கையைத் தூக்கினால் இழுக்காமல் இருக்க அக்குளில் விரலகலத் துண்டு ஒன்றை வைக்கச் சொன்னது மலையாள டீச்சர். கழுத்துக்குப் பட்டி மடித்தது தமிழ் டீச்சர் சொன்னபடி. இப்போது இரண்டு பேர் பேச்சையும் கேட்டோம், யார் எதைச் சொன்னார் என்பதில் மட்டும் கவனமாக இருந்தோம். முடிச்சுப் போட்டுப் பழக அத்தானை நாற்காலியில் உட்காரவைத்தோம். பலசரக்குப் பொட்டலத்துச் சணல் நூலை அவர் கழுத்தில் சுற்றி, பின்னால் நின்று அக்கா கை இரண்டையும் தூக்கி முடிச்சுப் போட, நான் குனிந்தும் நிமிர்ந்தும் அக்குள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் ஏறவில்லை. அத்தான் மட்டும் "மெதுவா, மெதுவா" என்று இருமினார்.

கல்யாணம் பாறசாலையில் ஒரு ஆடிட்டோரியத்தில். முகூர்த்தத்துக்கு அக்காவைக் கூப்பிட்டபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கசவுப் பட்டை வைத்த ஜாக்கெட்டோடு நேராக மேடை ஏறிப் பெண்ணின் பின்னால் போய் நின்றாள். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். அக்கா கை இரண்டையும் தூக்கினாள். மேளம் உச்சத்தில் அடிக்கிறது, ஊரே பூவும் அரிசியும் எறிகிறது, நான் தாலியையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. வலது பக்கத்தைத்தான் பார்த்தேன். தட்டையாக, சுருக்கமில்லாமல், இஸ்திரி போட்டதுபோல் படிந்து கிடந்தது. அவள் அவசரமே படவில்லை. பெண்ணின் முதுகுப் பக்கம் குனிந்து என்னவோ சொன்னாள். தலை குனிந்து நின்ற பெண் குப்பென்று சிரித்துவிட்டாள். தாலி ஏறும் நேரத்துப் படங்கள் எல்லாவற்றிலும் பெண் வாயைத் திறந்து சிரிக்கிறாள், தம்பி ஒன்றும் புரியாமல் விழிக்கிறான்.

பந்தியில் போளியைப் பிய்த்துப் பால்பாயசத்தில் முக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் நான் கேட்டேன், அக்கா அப்படி என்னதான் சொன்னாள் என்று.

"உனக்க ஜாக்கெட்டுக்கு முதுகில தையல் கோணலாக்கும் மக்கா, கல்யாணம் கழிஞ்சு கொண்டு வா, பிரிச்சுத் தைச்சுத் தாறேன்னு சொன்னாவ மைனி" என்றாள்.

எத்தனை பேர் தன்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தவள், மேடையேறி அடுத்தவள் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.