சாமியறைக்குள் கிடந்த கடிதம்

என் அக்கா நாகேஸ்வரி கொக்குவிலில் இருந்த தன் சீதன வீட்டை வாடகைக்கு விட்டபோது ஓர் அறையை மட்டும் கொடுக்கவில்லை. சாமியறை. அதைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு, பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்.

வீடு வங்கியில் ஈட்டில் இருந்தது. ஒலிபெருக்கித் தொழிலுக்கென்று அத்தான் வாங்கிய கடன். கொரோனாவில் கோயில் திருவிழாக்கள் நின்றன, பிறகு வட்டி ஏறியது, அத்தானும் காலமாகிவிட்டார். வாடகை மாதத் தவணைக்குக் காணும், பழைய நிலுவைக்குக் காணாது. ஆனாலும் அக்கா வங்கியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கித்தான் வீட்டைக் கொடுத்தார். அந்தப் படிவத்தில் புது விலாசம் கேட்ட இடத்தில் மட்டும் பழையதையே எழுதினார்.

"என்ரை வீடுதானே என்ரை விலாசம்? உன்ரை வீட்டை ஏன் எழுத வேணும்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். சோறு போடுகிறவளுக்கு அது சுட்டது.

குடியிருந்தவர் ஜெனிஸ்ரன், மன்னாரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர். வெள்ளி பின்னேரம் ஊருக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அக்கா போய் விளக்கேற்றிவிட்டு, சாமியறைக் கதவுக்கு அடியால் அவர் தள்ளிவிட்டிருக்கும் கடிதங்களை எடுத்துக்கொண்டு வருவார். ஒருவரையொருவர் காணாமலே அந்த ஒழுங்கு நடந்தது.

ஆவணியில் அத்தானின் தமையன் செத்தார். அக்காவுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாமியறையைத் திறக்க முடியாது.

"எனக்குப் பதிலா நீ போய் ஒரு விளக்கு வச்சிட்டு வாறியே, ஜெயகௌரி?" என்று முதல் வெள்ளி கேட்டார்.

நான் வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், எனக்குத் துடக்கில்லை. ஆனால் இரண்டு பஸ் ஏற வேண்டும், வெயிலும் கொளுத்தியது. அந்த விலாசக் கதையும் மனதுக்குள் கிடந்தது. "ஒரு மாதம் விளக்கு வைக்காட்டி சாமி கோவியாது" என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

துடக்குக் கழிந்து இருவருமாகப் போனோம். கதவைத் திறந்தால் நிலத்தில் மின்சாரப் பில், அதன் கீழே வங்கியின் பதிவுத் தபால். ஜெனிஸ்ரன் கையொப்பம் வைத்து வாங்கி, பத்திரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார், பாவம். நிலுவைக்குக் காரணம் சொல்லவும், கடனை மாற்றியமைக்கக் கேட்கவும் முப்பது நாள் தந்திருந்தார்கள். அது முடிந்து நாலு நாள். கடிதத்தோடு வங்கிக்கு ஓடினோம்.

"கேக்கிற உரிமை உங்களுக்கு இருந்ததம்மா" என்றார் வங்கிப் பொடியன். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "நாள் முடிஞ்சுது. ஏலத்துக்குத் தீர்மானமும் எடுத்தாச்சு. முறைப்பாடு எழுதித் தாங்கோ, மேலை அனுப்பிறன். ஆனா நம்பியிருக்காதேங்கோ."

"நான் அறியேல்லைத் தம்பி."

"நீங்கள் தந்த விலாசத்துக்குத்தானே அனுப்பினனாங்கள்? நம்பருக்கும் எடுத்துப் பாத்தம், வேலை செய்யேல்லை."

அது செத்துப்போன அத்தானின் நம்பர். அக்கா முறைப்பாட்டை எழுதிக் கையொப்பம் வைத்தார். விலாசம் எழுதும் இடத்தில் இந்த முறை என் வீட்டை எழுதினார்.

பஸ்ஸில் நான் அழத் தொடங்கியபோது அவர்தான் என் கையைப் பிடித்தார். "விசரி, அண்டைக்கு நீ போயிருந்தாலும் விளக்கை வச்சிட்டு வந்திருப்பாய். மற்ற ஆக்களின்ரை கடிதத்தை நீ தொடமாட்டாய்."

சின்ன வயதில் அவருக்கு வந்த கடிதங்களை ஒட்டுப் பிரித்துப் படித்து அடி வாங்கியவள் நான். அந்த அடிகளைப் போட்டது இதே அக்காதான்.