பரிஸ் மாஸ்டரின் நோட்ஸ்

கொழும்பு வெள்ளவத்தையில் என்னைப் ‘பரிஸ் மாஸ்டர்’ என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. நான் பரிஸைக் கண்ணால் கண்டதே இல்லை என்பது கூப்பிட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கோட்டைப் பகுதியில் ஒரு பயண முகவர் கந்தோரில் டிக்கெட் எழுதுகிற வேலை எனக்கு. மாலை வகுப்பில் ஒரு வருடம் பிரெஞ்சு படித்திருந்தேன். வெள்ளைக்காரப் பயணி ஒருவர் கந்தோரில் மறந்து விட்டுப்போன வழிகாட்டிப் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. என்னுடைய பரிஸ் அவ்வளவுதான்.

முதன்முதலில் ஒருவர், “தம்பி அங்கை போயிருக்கிறீரோ?” என்று கேட்டார். “ஓம், கந்தோர் அலுவலா ஒருக்காப் போனனான்” என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்க மனமில்லை. அதன்பிறகு ஆற்றங்கரைக் காற்று எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால், வெள்ளவத்தைக் கடற்காற்றில் உப்பை மட்டும் கழித்துவிட்டுச் சொல்வேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புருஷன் பரிஸில் இருப்பான். பெண்சாதியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில், பொலிஸ் பதிவுத் துண்டோடு காத்திருப்பார்கள். சுற்றுலா விசா கேட்டுப் போனால் தூதரகத்து அதிகாரி ஒருவர் எதிரே இருத்தி, பரிஸில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று விசாரிப்பார். அந்தக் கேள்விக்கு ஆட்களைத் தயார்படுத்துவதுதான் என் வகுப்பு. ஞாயிறு காலையில், என் அறையில், பாய் விரித்து நடக்கும்.

எங்கள் ஆட்களுக்குப் பரீட்சை என்றால் நோட்ஸ் வேண்டும். எழுத்துப் பிசகாமல் பாடமாக்க வேண்டும். நானும் அப்படிப் பாஸானவன்தான். ஆகவே புத்தகத்தைப் பார்த்து ஒரு மாதிரி விடை எழுதினேன். முதலில் ஈபெல் கோபுரம், பிறகு நதியில் படகு, ஓவியங்கள் உள்ள பெரிய நூதனசாலை, மலைமேல் வெள்ளைத் தேவாலயம், கடைசியில் அரசனின் மாளிகை. கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பாணைத் தட்டில் வைக்காமல் மேசைவிரிப்பில் வைப்பார்கள் என்று இரண்டு வரி பழக்கவழக்கமும் சேர்த்தேன். எல்லாருக்கும் அதே விடை, அதே ஒழுங்கு. கொப்பியைப் பார்த்துக் கொப்பி எழுதினார்கள்.

அந்த வகுப்புக்கு ஒரு அக்கா வந்தா. ஊரில் கணக்குப் படிப்பித்தவ. ஏழு வயது மகள் கூடவே வருவாள். பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போது போன தகப்பன். அவள் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். விசா கிடைத்தால்தான் நேரில் காணலாம்.

ஒருநாள் அக்கா கேட்டா. “மாஸ்டர், பூக்கண்டெண்டால் எனக்கு உயிர். அங்கை பெரிய பூந்தோட்டங்கள் இருக்குதாமே. அதைப் பாக்கத்தான் ஆசை எண்டு சொல்லட்டோ?”

“அதெல்லாம் வேண்டாம் அக்கா,” என்றேன். “நான் தந்ததைச் சொல்லுங்கோ. போய்ப் பாத்தவன் சொல்லுறன்.”

அவ உடனே தலையாட்டினா. போய்ப் பார்த்தவன்! அதை இன்றைக்கு எழுதும்போதும் காது சூடாகிறது.

அவவுடைய நேர்முகத்துக்கு நான்கு நாள் இருக்க, கொட்டாஞ்சேனையிலிருந்து வகுப்புக்கு வந்த அண்ணன் ஒருவர் கந்தோர் வாசலில் வந்து நின்றார். துறைமுகத்தில் கிளார்க். முகம் செத்துப்போயிருந்தது.

“ரிஜெக்ட் பண்ணிட்டாங்க தம்பி. கோபுரம்னு நான் தொடங்கினதும் அந்த ஆபீசர் சிரிச்சிட்டான். அடுத்தது படகு, அதுக்குப் பிறகு நூதனசாலைதானேன்னு அவனே சொல்றான். இதே விடையோட வந்த மூணாவது ஆளாம் நான்.”

முதல் இருவரும் ஏன் திரும்பி என்னிடம் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று பின்னேரமே அக்காவிடம் போனேன். நோட்ஸைக் கிழித்தெறியுங்கள், பூந்தோட்டத்தைச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

அக்கா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. மகள் எழும்பி நின்று, கோபுரத்திலிருந்து மாளிகை வரை ஒரே மூச்சில் ஒப்புவித்துக் காட்டினாள். “இவளுக்கே பாடம் மாஸ்டர்,” என்று அக்கா சிரித்தா. பிளேன்ரீ ஊற்றித் தந்தா. நோட்ஸ் பிழை என்றால் ஏன் என்று கேட்பா. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன் என்று சொல்ல வேண்டும். போய்ப் பார்த்தவனில்லை என்று சொல்ல வேண்டும். அக்கா போகிற நாளில் வேறு அதிகாரி இருக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, தேநீரைக் குடித்து முடித்தேன். “பயப்பிடாதேங்கோ அக்கா, நல்லாச் செய்வியள்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயந்தவன் நான்தான். அவவுடைய விசாவை விட என் ‘மாஸ்டர்’ பட்டம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

நேர்முகம் முடிந்த மறுநாள் கால் கூசக் கூச அங்கே போனேன். அக்கா அழுது முடித்திருந்தா. என்னைக் கண்டதும் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டா.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர். நான்தான் குழப்பிப்போட்டன். கோபுரமும் படகும் சொன்னவுடனை அந்த மனுசன் சிரிச்சவர். எனக்குப் பதட்டம் வந்திட்டுது. மலையிலை இருக்கிற வெள்ளைக் கோயிலைச் சொல்ல மறந்திட்டன்.” என் முகத்தைப் பார்த்தா. “அதாலைதான் விசா தரேல்லை, என்ன?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இனி ஒருவனுக்கும் கிடைக்காது. அவ வாசலையே திறந்து வைத்துக்கொண்டு நின்றா.

“ஓம் அக்கா,” என்றேன். “அதை விட்டிருக்கக் கூடாது.”

அக்கா கொப்பியை எடுத்து, அந்த வரியின் கீழே இரண்டு தரம் கோடு போட்டா. பிறகு, மூலையில் நின்ற மகளைக் கிட்டக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டு சொன்னா.

“அம்மாவிலைதான் பிழை, பிள்ளை. மாஸ்டர் வடிவாத்தான் சொல்லித் தந்தவர்.”