இடப்பக்கம் கெட்டி, வலப்பக்கம் மெலிசு

ஆம்பூரில் தோலைத் தடவிப் பார்த்து அதன் ஜாதகத்தைச் சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. பியானோக் கட்டையைத் தடவிப் பார்த்து ஜாதகம் சொல்லக்கூடியவர் அமிர்தவள்ளி அம்மையார் ஒருவரே. ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் கம்ப்யூட்டரில் பில் அடிப்பது அவர் உத்தியோகம். அடி என்றால் நிஜமாகவே அடி. பள்ளிக்கூட நாளிலிருந்து சர்ச்சின் பழைய பியானோவில் பழகிய விரல்கள் அவை. கம்பெனி வாங்கிக் கொடுத்த கீபோர்டு எதுவும் அவரிடம் ஒரு வருஷத்தைத் தாண்டியதில்லை.

சர்ச் ஆராதனைக்கு வாரம் தவறாமல் வாசிக்கும் இப்பேர்ப்பட்டவருக்கு டிசம்பர் பிறந்ததும் சோதனை வந்தது. சர்ச் கூரையில் வேலை நடந்ததால் கிறிஸ்துமஸ் ஆராதனை பள்ளி மைதானத்தில் என்று கமிட்டி முடிவெடுத்தது. பியானோவோ இடம் பெயராத ஜென்மம். முன்பு ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பதற்காக அதை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகர்த்தியபோதே ரோஷத்தில் இரண்டு கட்டைகள் ஊமையாகிவிட்டன.

"இந்த வருஷம் ஆல்வின் கீபோர்டு கொண்டாந்து வாசிச்சுடுவாப்ல" என்றார் கூட்டத்தில் செயலாளர்.

ஆல்வின் பேங்கில் வேலை பார்ப்பவர், நல்லவர். ஆனால் அவருடைய கீபோர்டில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் டிரம்ஸ் தானாக வாசிக்கும். அந்த பட்டனை அமுக்காமல் ஆல்வினால் ஒரு பாட்டைக்கூட ஆரம்பிக்க முடியாது. பாலகன் பிறந்த சேதி மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கேட்கும். தவிர, ஒரு தடவை இடம் போனால் போனதுதான் என்பது கமிட்டிகளை அறிந்த அம்மையாருக்குத் தெரியும்.

அவர் எழுந்து நின்றார். "பியானோ நான் கொண்டாறேன்."

"எப்டிம்மா, லாரியிலயா?"

"ஆட்டோவுல."

அடுத்த சனிக்கிழமை கணவர் தானியேலுடன் வேலூருக்கு பஸ் ஏறினார். தானியேல் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் பிரிவின் மேஸ்திரி. பியானோ பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பாதி வழியில் பள்ளிகொண்டா வரும்வரை ஆலோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

லாங் பஜாரை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது இசைக்கருவிக் கடை. உரிமையாளர் ஃபைஸான் முன்னால் அம்மையார் தம் கோரிக்கையை வைத்தார்.

"வெயிட் நல்லா இருக்கணும் தம்பி. ஆனா வெயிட்டே இருக்கக் கூடாது."

தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபைஸான் அசரவில்லை. "கட்டையில வெயிட், தூக்கறதுக்கு கம்மி. அவ்ளோதான ஆன்ட்டி? எண்பத்தெட்டு கட்டைல மூணு பீஸ் இருக்குது, பாருங்க."

"மொதல்ல சத்தத்த ஆஃப் பண்ணு."

"எவ்ளோ கொறைக்கணும்?"

"பூரா."

சத்தம் போனது. அம்மையார் கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தார். டொக் டொக் என்று கட்டை தட்டும் ஒலி மட்டும் கேட்டது. கிடார் கம்பி வாங்க வந்தவர் ஒருவர், "கரண்ட் இல்லியா பாய்?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார். மிஷின் சத்தம் யாரை வேண்டுமானாலும் மயக்கிவிடும், விரலிடம்தான் அதன் ஜம்பம் பலிக்காது என்பது அம்மையாரின் சித்தாந்தம்.

முதல் பீஸின் கட்டைகள் எலிப்பொறி மாதிரி எகிறின. தானியேல் இரண்டு கோடியையும் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார், அம்மையார் தள்ளினார். இரண்டாவது, கை வைத்ததும் முகத்தில் ஒரு புன்னகையைக் கொண்டுவந்தது. தானியேல் அதன் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். வீட்டு மாடிப்படியை நினைத்தார். "ஆண்டவரே" என்று கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கே போனார். அதுவும் போனது.

மூன்றாவது ஒல்லியாக இருந்தது. பையில் போட்டுத் தோளில் மாட்டலாம். ஒரே கட்டையை மூன்று விரலால் மாற்றி மாற்றிப் படபடவென்று அடித்தார், ஈடுகொடுத்தது. கறுப்புக் கட்டைகளில் விரலை உள்ளே தள்ளி அடித்தபோது கொஞ்சம் முறைத்தது. பிறகு சத்தத்தை வைக்கச் சொல்லி ஒற்றைச் சுரத்தை மெல்லத் தொட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தார்.

"இது பியானோ இல்ல" என்றார். "ஆனா பியானோகிட்ட ஒழுங்கா வேலை கத்துக்கினு வந்திருக்குது. இதயே கட்டுங்க."

ஃபைஸானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சூப்பர் செலக்ஷன் ஆன்ட்டி. கிரேடட் ஆக்ஷன்."

ஜன்னலிலிருந்து தானியேல் திரும்பினார். கிரேடு என்ற சொல்லைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து உட்கார்கிற மனிதர்.

"எந்த கிரேடு? ஏ-வா, பி-யா?"

"அது இல்ல அங்கிள், எடப்பக்கம் கட்டை கனமா இருக்கும். வலப்பக்கம் போகப்போக லேசாயிடும்..."

தானியேல் இடது கோடியில் ஒரு விரல், வலது கோடியில் ஒரு விரல் வைத்து அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். முகம் சிவந்தது.

"வள்ளி, எழுந்திரு. மிக்ஸ் லாட்ட நம்ம தலையில கட்டப் பாக்குறாரு. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெலிசு. எங்க கம்பெனியில இத வாசல்லயே திருப்பி அனுப்பிச்சுடுவோம்!"

"அல்லா! அங்கிள், அதான் இதோட ஸ்பெஷலே."

"ரிஜெக்ட எல்லாரும் ஸ்பெஷல்னுதான் சொல்றாங்க. அந்த மொதப் பீஸு எவ்ளோ ஜோரா, ஒரே சீரா இருந்துச்சு! அதக் கட்டு."

ஃபைஸான் அதன் பக்கம் நகர்ந்தார். அம்மையாரோ நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ஏங்க, ஒரு முழுத் தோலு. முதுகுப் பக்கம் எப்டி இருக்கும்?"

"கெட்டியா."

"வயித்துப் பக்கம்?"

"மெலிசா, தொளதொளன்னு. அதுக்கின்னா இப்போ?"

"அதுக்காகத் தோல ரிஜெக்ட்னுவீங்களா?"

"அது மாட்டோட வாகு, வள்ளி."

"இது பியானோவோட வாகு. பெரிய பியானோவுல எடப்பக்கம் கம்பி தடி, அத அடிக்கிற சுத்தியும் பெருசு. கை அதுக்குப் பழகினது. சீரா இருக்குற பீஸு ரெக்சின்தான்."

ரெக்சின்! போலித்தோலின் அந்தப் பெயர் தோல்காரர் வீட்டில் சொல்லக்கூடாத சொல். தானியேல் வலது கோடியை மறுபடி அமுக்கி, "அப்போ இது வயிறு" என்றார், தீர்ப்பளிக்கும் குரலில். "சரி, கட்டுங்க பாய்."

கிறிஸ்துமஸ் விடியலில் பள்ளி மேடையில் இரண்டு கருவிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஆல்வின் எதற்கும் இருக்கட்டும் என்று தன்னுடையதையும் கொண்டுவந்திருந்தார். யார் வாசிப்பது என்று செயலாளர் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அம்மையார் உட்கார்ந்து முதல் பாட்டை எடுத்துவிட்டார். பாடகர் குழு பழக்கதோஷத்தில் எழுந்து பாடத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் சரணத்தில் வில்லங்கம். தரையில் தனியே வைத்திருந்த சின்ன மிதிக்கட்டை ஜமுக்காளத்தில் வழுக்கி முன்னால் ஓடியது. அம்மையாரின் கால் அதைத் துரத்தியது. அது இன்னும் ஓடியது. மிதி இல்லாவிட்டால் சுரங்கள் துண்டு துண்டாக விழும். விழவும் தொடங்கின. ஆல்வினின் விரல் அந்த பட்டனை நோக்கி நகர்ந்தது.

அம்மையார் வாசிப்பை நிறுத்தாமல், "ஏங்க! பிடிங்க அத!" என்றார்.

தானியேல் மேடையேறி, பியானோவுக்கு எதிரே முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மிதியை மனைவியின் காலடியில் நகராமல் பிடித்துக்கொண்டார். தலை தானாகக் கவிழ்ந்தது. சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசிப் பாட்டுவரை அவர் எழவில்லை. சபை மெய்மறந்து பார்த்தது. போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு நடுவில், "பெருமை பாராட்டாமல் தாழ்ந்துகிடக்கும் ஒரு சகோதரனை" எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் ஆல்வின் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே, "ஆன்ட்டி, கூரை முடியிறவரைக்கும் நீங்களே வாசிச்சுடுங்க" என்றார். அவரும் செயலாளரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து தானியேலை நிமிர்த்தினார்கள்.

"முட்டி போச்சு வள்ளி" என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்றார் அம்மையார், பியானோவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தபடி.